நெஞ்சின் வெம்மையும் வாவிக்கரைக் குளிர்த்தியும்

தமிழிலே நெஞ்சு என்னுஞ் சொல் மார்பினையும் குறிக்கும், மனத்தினையுங் குறிக்கும். நெஞ்சு நோகின்றது என்று ஒருவர் கூறினால், அந்நோவு தசையிலுள்ளதோ நினைவிலுள்ளதோ என்பதைக் கேட்பவரே இடமறிந்து துணிதல் வேண்டும். நெஞ்சிடிதல், நெஞ்சுருகுதல், நெஞ்சு வேகுதல், நெஞ்சாறுதல் என வழங்குந் தொடர்கள் யாவும் உறுப்பொன்றின் மேல் வைத்து உள்ளத்தைப் பேசுவன. இவற்றைப் பேச்சின் அணியென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், மனநிலைக்கும் இருதய நலத்துக்கும் உள்ள தொடர்பினை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணிக் கணக்கிட்டு ஆராய்ந்துவரும் மருத்துவ அறிஞரின் முடிபுகளை நோக்குமிடத்து, அத்தொடர்களைப் படைத்த மக்கள் தாம் கண்டதொன்றையே கூறினர் என்பது புலனாகும். அவருள்ளும் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழ்வோர், கண்டதைச் சொல்லளவில் நிறுத்தாது, ஊர் கூடி ஆற்றும் ஒரு சடங்காகவும் அமைத்துக்கொண்டனர். அச்சடங்கே குளிர்த்தி எனப்படுவது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை; வாவிக்கு மேற்கே வயல்களும் காடுகளும் விரியும் நிலம் படுவான்கரை. செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, மகிழூர் முதலாக இப்பகுதியின் ஊர்கள் பலவற்றிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் ஆகிய இடங்களிலும் கண்ணகியம்மன் கோயில்கள் உள. தமிழ்நாட்டிலே கண்ணகி பெரும்பாலும் காப்பியத் தலைவியாகவே எஞ்சிவிட்டாள். இலங்கையின் சிங்களமக்களிடையே பத்தினித் தெய்வமாகவும், கீழ்மாகாணத் தமிழரிடையே கண்ணகியம்மனாகவும் அவள் இன்றும் வழிபடப்படுகின்றாள். வைகாசித் திங்களிலே கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரை என்னும் நெடுங்கதைப் பாடலை நாட்கணக்கிற் பாடி, இறுதியிற் குளிர்த்தி பாடி முடிப்பது இக்கோயில்களின் வழக்கம். வழக்குரைப் பாடலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்துள்ளார், 1964 இல் வெளிவந்த அவரது 'மட்டக்களப்புத் தமிழகம்' இச்சடங்குகளை அறிய விழைவோர்க்கு இன்றும் முதற்றுணையாகும்.

கதையின் உச்சம் யாவரும் அறிந்ததே. கோவலன் கள்வனல்லன் என்பதைச் சிலம்பின் பரலே காட்டிவிட, பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்தவாறே மயங்கி வீழ்ந்து உயிர்விடுகின்றான். அவன் மேல் வாளொன்றும் படவில்லை, அவன் நோயுற்றிருந்தானுமல்லன். தன் கோல் வளைந்தது என்னும் அறிவு ஒன்றே அவனை வீழ்த்திற்று. அவன் வீழ்ந்ததைக் கண்ட கோப்பெருந்தேவியும் அப்பொழுதே இறந்துபடுகின்றாள். ஒரே அவையிலே, சில கணங்களுள், நாணத்தினாலும் துயரத்தினாலும் நேர்ந்த இருவேறு சாவுகள் இவை. புலவர் இவற்றைக் கூறும்போது, கேட்போர் நம்பமாட்டார் என்ற ஐயம் சிறிதுமின்றியே கூறுகின்றார். ஏனெனில் அத்தகைய சாவுகள் அவர்க்கு முன்னரே இலக்கணத்துள் இடம்பெற்றுவிட்டன. கணவன் இறந்தவுடன் மனைவியும் உயிர்நீப்பதைக் கண்டோர் வியந்து கூறுதலை மூதானந்தம் என ஒரு துறையாகத் தொல்காப்பியம் வகுத்தது. அந்நூலின் மெய்ப்பாட்டியலோ உள்ளத்தின் நிலைகள் உடம்பிலே புலப்படும் வகையை எட்டாக்கி ஆராய்வது. அழுகையும் அச்சமும் வெகுளியும் மட்டுமன்றி, பெருமிதமும் உவகையும் அவ்வெட்டனுள் அடங்கும் என்பது குறிக்கத்தக்கது. துயரம் மெய்யிற்படும் என்றாற்போல மகிழ்ச்சியும் மெய்யிற்படும் என்பது அவர் துணிபு.

காப்பியத்தின் கண்ணகி சினத்தோடு நின்றுவிடவில்லை; அச்சினம் மதுரையை எரித்தது. இவ்விடத்தே மட்டக்களப்பு மரபு ஒரு செய்தியைச் சேர்க்கின்றது. எரியுண்ட நகரை நீங்கிவந்த கண்ணகியை ஆயர் மகளிர் எதிர்கொண்டு, வெண்ணெய் முதலியன அப்பி அவள் வெம்மையைத் தணித்தனர் என்பதே அச்செய்தி. கதை கூறுவோர் இதனைச் சிறு நிகழ்ச்சியாகக் கருதவில்லை. கோவலன் கொலைப்பட்டதும் மதுரை எரிந்ததும் கதையின் முடிவல்ல. கணவனை இழந்து கொதித்த ஒருத்தி குளிர்ந்தபோதே கதை முடிகின்றது. குளிர்த்திப் பாடலும், அம்மனுக்கு நீர் சொரிதலும், வேப்பிலையும் பூவும் அதன்பொருட்டே. இப்பகுதிக்குரிய கொம்பு முறித்தலும் இதனோடு தொடர்புடையது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளைக் கோத்துக் கயிறு பூட்டி இழுப்பர், ஒன்று முறியும், தோற்றவரை வென்றவர் ஏளனப் பாட்டாற் சாடுவர். மழை பொய்த்த காலத்தும் கொள்ளை நோய் பரவிய காலத்தும் அம்மன் மனங்குளிர இவ்விளையாட்டை நடத்துவது பழைய வழக்கு. ஒருவரையொருவர் வசைபாடி, பின்னர் ஒன்றாய் உண்டு கலையும் ஊர் தன் உள்ளத்துப் புழுக்கத்தையும் அதனோடு வெளியேற்றியிருத்தல் கூடும்.

இனி, உடல்நூலார் இத்தொடர்பினை எவ்வாறு கண்டனர் என்பதை நோக்கலாம். சரகர் முதலிய ஆயுர்வேத ஆசிரியர் இருதயத்தை உணர்வின் இருப்பிடமாகக் கொண்டனர். கிரேக்கருள் அரிஸ்டோட்டிலும் அவ்வாறே கொண்டார். பின்வந்த காலன் அறிவின் இடம் மூளையென நிறுவினார். வெளியிற் சொல்லாத காதலால் மெலிந்த இளவரசன் அந்தியோக்கசுவின் நோயினை, அவன் காதலித்தவள் அறைக்குள் வந்தபோது நாடி துடித்த வகையைக் கொண்டே எரசிஸ்திராத்தர் என்னும் மருத்துவர் அறிந்தார் என்பது பழங்கதை. 1628 இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கியபின், இருதயம் நீரிறைக்கும் பொறி போன்றதாயிற்று என்றும், உள்ளம் அதனை விட்டு நீங்கிற்று என்றுங் கூறுவோர் பலர். இது ஹார்விக்கு இழைக்கும் அநீதி. இன்பமோ துன்பமோ, நம்பிக்கையோ அச்சமோ, மனத்தின் ஒவ்வோர் அசைவும் இருதயம் வரை சென்று தாக்கும் என்று அவரே அந்நூலில் எழுதியுள்ளார். பிரிவினை பின்வந்தோர் செய்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே வில்லியம் ஹெபர்டன் மார்பை நெரிக்கும் நோயொன்றை முதன்முறையாகத் தெளிவுற வருணித்தார். மேட்டில் ஏறும்போதும் உணவுண்டபின் நடக்கும்போதும் அது தோன்றுதலைக் குறித்த அவர், மனக்கலக்கமும் அதனைத் தூண்டும் என்பதை விடாது குறித்தார். அந்நோய்க்கு ஆளானவருள் ஒருவர் இலண்டன் நகரின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஜோன் ஹன்ரர். தம்மைச் சினமூட்ட விரும்பும் எந்தக் கயவன் கையிலும் தம் உயிர் இருக்கின்றது என்று அவர் சொல்லிவந்தார் என்பர். 1793 ஒக்டோபர் 16 ஆந் திகதி, தாம் பணியாற்றிய மருத்துவமனையின் கூட்டமொன்றிலே எழுந்த வாக்குவாதத்தின்பின் அவர் வீழ்ந்து இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது இருதயத்தின் நாடிகள் தடித்து இறுகியிருந்தன. இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை ஒருங்கே காட்டுகின்றது: நாடி முன்னரே கெட்டிருந்தது, ஆயினும் அந்நாளிற் கொன்றது வாக்குவாதம். இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டோர் நெடுங்காலம் தம்முட் பொருதனர்.

போர்க்களங்களும் பாடம் கற்பித்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படபடப்பும் மார்புநோவும் மூச்சுத்திணறலும் உற்ற படைவீரர் முந்நூற்றுவரை ஆராய்ந்த ஜேக்கப் த கொஸ்தா, உறுப்பிலே பழுது காணமுடியாத அந்நிலையை 1871 இல் விரிவாக எழுதினார். அது பின்னர் படைவீரர் நெஞ்சு என்றே பெயர்பெற்றது. 1915 இல் வால்டர் கனன் அச்சமும் வெகுளியும் தோன்றும்போது அதிரினல் சுரப்பு குருதியிற் கலந்து இருதயத்தை விரைவிப்பதை விளக்கினார். 1959 இல் பிரீட்மன், ரோசன்மன் என்னும் இருவர் ஓயாது விரையும், போட்டியிடும், பொறுமையற்ற இயல்பினர்க்கு மாரடைப்பு மிகுதி என்றனர். அக்கொள்கை உலகெங்கும் பரவிற்று. பின்வந்த பெரிய ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. புகையிலை வணிகர் அவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தமையும் பின்னர் வெளியாயிற்று. மாரடைப்புக்குக் காரணம் சிகரெட்டன்று, புகைப்பவன் இயல்பே என்று காட்ட அவர் விரும்பினர். மனத்தின் பெயரால் உடலின் கேட்டை மறைக்கும் முயற்சியும் உண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

அக்கொள்கையுள் எஞ்சி நின்றது வெகுளி ஒன்றே. மாரடைப்புற்றுத் தப்பிய 1,623 பேரை வினாவி 1995 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கடுஞ்சினம் மூண்ட பின்வரும் இரண்டு மணிநேரத்துள் மாரடைப்பு நேரும் வாய்ப்பு இருமடங்குக்கு மேலாதலைக் காட்டிற்று. வெம்மை என்று வாவிக்கரையினர் வழங்கும் சொல்லுக்கு இதனினும் நெருங்கிய உரை காணல் அரிது.

துயரத்தைப் பற்றிய சான்று இன்னும் வலியது. 1969 இல் இங்கிலாந்திலே கொலின் மறே பார்க்ஸ் என்பாரும் அவர் துணைவரும், மனைவியை இழந்த 55 வயதும் அதற்கு மேலுமுடைய ஆடவர் 4,486 பேரைத் தொடர்ந்து கணக்கிட்டனர். முதல் ஆறு திங்களிலே அவர்களிடைச் சாவு, ஒத்த வயதினரான மணவாழ்வினரைவிட நூற்றுக்கு நாற்பது மிகுந்திருந்தது. அம்மிகுதியின் பெரும்பகுதி இருதய நோயால் விளைந்தது. மூதானந்தம் என்னும் துறையை மனைவிக்கே உரியதாக இலக்கணம் வகுத்தது. கணக்கோ கணவனையும் அதனுட் சேர்க்கின்றது. டென்மார்க்கிலே, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை நாடளாவிய பதிவேடுகளின் துணையால் ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டவர்கள், அவர்களுக்கு மாரடைப்பு நேர்தல் ஏனையோரினும் மிகுதியெனக் கண்டனர். அம்மிகுதி பல ஆண்டுகள் கழிந்தபின்னும் தோன்றியது. நெருங்கியவர் இறந்த முதல் இருபத்துநான்கு மணிநேரத்திலே மாரடைப்பின் வாய்ப்பு இருபது மடங்களவு உயர்கின்றது என்று 2012 இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று.

கோப்பெருந்தேவியின் சாவுக்கு மிக அண்மையான நோயை யப்பானியரே முதலிற் கண்டனர். நாடிகளில் அடைப்பேதுமின்றி, கடுந்துயரோ பேரச்சமோ உற்ற சிறிது நேரத்துள் இருதயத்தின் இடது கீழறை நுனிப்புறம் பருத்துச் செயலிழப்பதை 1990 இல் ஹிரோஷிமா மருத்துவர் விவரித்தனர். கழுத்துக் குறுகி அடி உருண்ட அவ்வறையின் தோற்றம், தம் நாட்டு மீனவர் சாக்குக்கணவாய் பிடிக்க ஆழத்தில் இறக்கும் மட்பானையை ஒத்திருந்தமையால், அப்பானையின் பெயராகிய தக்கொற்சுபோ என்பதையே நோய்க்கு இட்டனர். மீன்பிடிகாரரின் பானையொன்று மருத்துவநூலேறிய கதையை வாவிக்கரையார் எவரும் வியப்பின்றிக் கேட்டல் இயலாது. இந்நோய்க்கு ஆளாவோருட் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். அவருள்ளும் பெரும்பாலார் மாதவிடாய் நின்ற வயதினர். பலர் சில கிழமைகளிலே தேறிவிடுவர், சிலர் இறப்பர்.

தனியொருவர்க்கு நேரும் துயரம் இவ்வாறாயின், ஊர் முழுவதும் ஒருநாளில் உறும் துயரம் எத்தகையது? 1994 சனவரி 17 வைகறையில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு முந்திய கிழமையிலே நாளொன்றுக்குச் சராசரி 4.6 ஆக இருந்த திடீர் இருதயச் சாவுகள் அன்று 24 ஆயின. அடுத்த சில நாட்களில் அத்தொகை வழக்கத்தினுங் குறைந்தது. இறக்கும் நிலையிலிருந்தோரை அந்த அச்சம் முந்திக் கொண்டுசென்றது போலும். 2005 இற் புயலால் அழிந்த நியூ ஓர்லியன்சு நகரின் மருத்துவமனையொன்றிலே, பின்வந்த ஆண்டுகளில் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்டோரின் விகிதம் முன்னிருந்ததன் மும்மடங்களவாயிற்று. முன்னையது அச்சத்தின் கணநேர வேலை. பின்னையது வேறு. வீடு, தொழில், அயல் யாவும் சிதைந்தபின் மருந்துண்ண மறந்து, புகையையும் மதுவையும் நாடி, உறக்கமின்றிக் கழிந்த ஆண்டுகளின் விளைவு அது.

மட்டக்களப்புப் பகுதி இவ்விருவகை அழிவையும் மீண்டும் மீண்டுங் கண்டது. 1978 நவம்பர் 23 இரவிலே வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோப்புக்களையும் கூரைகளையும் ஒருங்கே அழித்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 திசெம்பர் 26 காலையிலே கடல் பொங்கி எழுவான்கரையை விழுங்கிற்று. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி கணப்பொழுதில் இல்லையாயிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் மூவாயிரத்தளவினரும் அம்பாறை மாவட்டத்திற் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும் இறந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் அவ்விழப்பில் வேறுபாடின்றி ஒன்றாயினர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட போர்க்காலமோ இயற்கையின் செயலன்று. 1990 ஓகத்து 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த திங்கள் 5 ஆந் திகதி, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளவிலே தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர் மீளவில்லை.

மீளாதவர் என்பதிலே இப்பொருளின் மிகக் கடிய பகுதி அடங்கியுள்ளது. இறந்தவர்க்கு ஒப்பாரி உண்டு. எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என நாள்கள் உண்டு. அந்நாள்களிற் சுற்றமும் அயலும் வந்து கூடுதலால், துயருற்ற வீடு தனித்து விடப்படுவதில்லை. அழுகைக்குத் தொடக்கமும் அடங்குதற்கு ஓர் எல்லையும் ஊரே வகுத்துத் தருகின்றது. காணாமற் போனவர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. திவசஞ் செய்தால் மகனைத் தாயே கொன்றதாகும் என்ற அச்சம். செய்யாதொழிந்தால் அவன் ஆவி அலையுமோ என்ற அச்சம். பொலீன் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நிலையைத் தெளிவிலா இழப்பு என்று பெயரிட்டு 1970 களிலிருந்து ஆராய்ந்துவந்தார். இலங்கையிற் காணாமற் போனோர் அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே, ஒருவர் இறந்தார் என்று கூறாது அவரைக் காணவில்லை என்று மட்டுமே கூறும் சான்றிதழ் வழங்கவும் வழி செய்யப்பட்டது. சட்டமும் இந்நடுநிலையைத் தனியொரு நிலையாக ஏற்கவேண்டியதாயிற்று.

1990 களிலே இத்தாய்மார் எங்குச் சென்றனர் என்பதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்சு மட்டக்களப்பில் நெடுங்காலந் தங்கி ஆராய்ந்து எழுதினார். அவர்கள் காளி, மாரி, கண்ணகி கோயில்களுக்குச் சென்றனர். தெய்வமாடி வாக்குச் சொல்வோர் முன்னின்று, வெளியிற் பேச அஞ்சிய பெயர்களை அங்கே பேசினர். மகன் உயிரோடுளனோ என வினவினர். வாக்குச் சொல்பவர் அத்தாயின் நோவைத் தம் உடம்பிலே ஏற்று, நெஞ்சைப் பற்றிக்கொண்டு, மூச்சுத் திணறி, அழுது விடைகூறினர். போர் முற்றியபோது இக்கோயிற் சடங்குகள் குன்றவில்லை. தீமிதிப்பும் நேர்த்திகளும் பெருகின. இதனை மூடநம்பிக்கை என்று கூறி முடித்துவிடும் படித்தோர், அக்காலத்திலே அத்தாய்மார் வாய்திறந்து அழுதற்கு வேறோர் இடம் எங்கிருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். பேசாத துயரம் உடம்பிலே பேசும் என்பது யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளவடுக்களைப் பற்றி எழுதியவற்றாலும் விளங்கும். போர்க்காலத்து நோயாளர் பலர் மனவருத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தாரல்லர். தலையிடி, மேல்நோவு, நெஞ்சுப் படபடப்பு, பெருமூச்சு என்றே வந்தனர்.

இவ்வளவிற் கூறியவற்றைக் கொண்டு, சடங்கு மாரடைப்பைத் தடுக்கும் மருந்து என எவரேனும் முடிவுகட்டுவாராயின் அது பெரும்பிழை. மனநலத்தின் பங்கினை அதன் அளவுக்கு மேல் உயர்த்துவோர் இக்காலத்திற் பலர். இலங்கையும் உட்பட 52 நாடுகளிலே நிகழ்ந்து 2004 இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதன்முறை மாரடைப்பின் பெரும்பகுதிக்கு ஒன்பது காரணங்களே பொறுப்பெனக் காட்டிற்று. கொழுப்பும் புகைத்தலும் அவற்றுள் முதன்மையானவை. நீரிழிவு, குருதியழுத்தம், வயிற்றுப் பருமன் ஆகியன அடுத்து வருவன. மனநெருக்கம் அவ்வொன்பதனுள் ஒன்று. வீட்டிலும் வேலையிலும் இடைவிடாத நெருக்கத்துக்கு உட்பட்டோர்க்கு மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பதும் அங்கே பெறப்பட்டது. ஆகவே, புகைப்பதை விடாது மனத்தை மட்டும் ஆற்றிக்கொள்வோனும், மருந்தை ஒழுங்காயுண்டு மனத்தைக் கொதிக்க விடுவோனும் ஒரே பிழையின் இருபுறத்தர்.

மகிழ்ச்சி இருதயத்தைக் காக்குமோ என்னும் வினாவுக்கும் விடை நேரானதன்று. நம்பிக்கையும் வாழ்வில் ஒரு குறிக்கோளும் உடையோர்க்கு இருதய நோய் குறைவு என்பது பல ஆய்வுகளால் அறியப்பட்டு, அமெரிக்க இருதயச் சங்கம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையிலும் ஏற்கப்பட்டது. ஆயினும் பிரித்தானியாவிலே ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டளவு தொடர்ந்த ஆய்வு, அவர்கள் முன்னரே நோயுற்றிருந்தமையைக் கணக்கிற் சேர்த்தபோது மகிழ்ச்சி தானாக ஆயுளை நீட்டுவதாகக் காணவில்லை. நோய் மகிழ்ச்சியைக் கெடுக்கின்றது. மகிழ்ச்சியின்மையே நோயாக்குகின்றது எனல் எப்போதும் பொருந்தாது. உவகையுடையோர் நன்கு உறங்குவர், நடப்பர், மருந்தை விடாதுண்பர். காவலின் ஒரு பகுதி இவ்வழியாக வருவதே.

துயரைத் தணித்தால் இருதயம் பிழைக்குமோ என்பதையும் சோதித்துப் பார்த்தனர். மாரடைப்பின்பின் சோர்வுற்ற, அல்லது துணையற்ற 2,481 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2003 இல் முடிவு வெளியான ஆய்விலே, உளவழிச் சிகிச்சை சோர்வைக் குறைத்தது. ஆனால் மறு மாரடைப்பையும் சாவையும் குறைக்கவில்லை. அச்சிகிச்சை பெரிதும் தனித்தனியே நிகழ்ந்தது. 2011 இற் சுவீடனின் உப்சாலா நகரத்தார் வெளியிட்ட ஆய்விலோ, 362 நோயாளருட் சிகிச்சைக்குரியோர் சிறு குழுக்களாக ஓராண்டில் இருபது முறை கூடினர். அவர்களிடை நோய் மீளல், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட நூற்றுக்கு 41 குறைந்தது. இரண்டும் எல்லாவகையிலும் ஒத்த ஆய்வுகளல்ல; ஒன்றை மற்றதன்மேல் வைத்து நிறுத்தலாகாது. ஆயினும் தனியறையிற் கிட்டாத பயன் ஒன்று, ஒத்த துன்பமுடையோர் திரும்பத் திரும்ப ஒருங்கு கூடியபோது கிட்டிற்று என்பது, ஆண்டுதோறும் ஊர்கூடி ஒருத்தியின் துயரத்தைத் தொடக்கமுதல் முடிவுவரை கேட்கும் மக்களுக்குப் புதிய செய்தியாகத் தோன்றாது.

வழக்குரை பாடும் முறையிலேயே இதன் நுட்பம் காணப்படுகின்றது. கொலையையும் வழக்கையும் பாடாது குளிர்த்திக்கு விரைதல் இல்லை. சிலம்பு உடைந்து, அரசன் வீழ்ந்து, மதுரை எரிந்து முடியும்வரை கேட்போர் அவ்வெம்மையினூடே செல்லல் வேண்டும். அழுவோர் அழுவர், தெய்வமேறி ஆடுவோர் ஆடுவர். அதன்பின்னரே நீர் சொரிதல். சினத்தைச் சினமென்று முதலில் ஏற்காது ஆற்ற முயல்வது இங்கு வழக்கமன்று. அன்றியும், கண்ணகி தானே தன்னைக் குளிர்வித்துக் கொண்டதாக எவரும் பாடுவதில்லை. அவளைக் குளிர்வித்தவர் வழியிற் கண்ட அயலார், அவளுக்கு உறவினரல்லர்.

ஒருமுறை குளிர்ந்தாள் என்பதால் அம்மன் என்றென்றுங் குளிர்ந்துவிட்டாள் என்றும் இம்மரபு கொள்ளவில்லை. குளிர்த்தி முடிந்தபின் பல ஊர்களிலே கண்ணகி கோயிலின் கதவு அடைக்கப்படும். அடுத்த வைகாசியில் அது மீண்டும் திறக்கப்பட்டு, கதை முதலிலிருந்து பாடப்படும்.